ஐந்து நிமிடந்தானே!

நம் நாட்டில் ஓயாமல் வழங்கும் சாக்கு எது என்று என்னைக் கேட்டால், ‘ஐந்து நிமிடந்தானே!’ என்பதுதான் என்பேன். வகுப்புக்குப் பிந்தி வரும் மாணவன் வாயில் அது உண்டு. விழாவுக்குப் பிந்தி வரும் தலைவர் வாயிலும் அது உண்டு. நம் மன்றக் கூட்டம் மாலை 6 மணிக்கு என்று அழைப்பிதழில் அச்சாகி, 6.40-க்குத் தமிழ் வாழ்த்துடன் தொடங்குவதை நாம் எல்லோரும் அறிவோம். அங்கே இழப்பது ஒரு மாலைப் பொழுதின் சிறு பகுதி, பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே சாக்கை நாம் கையோடு கொண்டுபோகும் இன்னோர் இடம் இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வு நடைபெறும் இடம் அது. அங்கே அந்தச் சாக்குச் செல்லக்கூடாது என்பதே என் கட்சி.

எழுத்துத் தேர்வு என்று பழக்கத்தால் சொல்கிறோம். இப்போது பெரும்பாலும் எவரும் எழுதுவதில்லை. கணினித் திரையின் முன் அமர்ந்து, கேட்கும் வினாவுக்கு உரிய விடையைத் தொட்டுக் காட்டுகிறோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் 1989-இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகள் இத்தேர்வில் என்ன கேட்கவேண்டும் என்பதைக் கூறுகின்றன. சாலைக் குறிகளும் விதிகளும், விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் ஆற்றவேண்டிய கடமைகள், ஆளில்லா இரயில்வே கடவையைத் தாண்டும்போது கொள்ளவேண்டிய எச்சரிக்கை, வண்டியில் வைத்திருக்கவேண்டிய பத்திரங்கள் ஆகியவை அவை. நூற்றுக்கு 60 விழுக்காடு விடை சரியாக இருந்தால் போதும். பழகுநர் உரிமம் கிடைத்துவிடும். நம் ஊர்வழக்கில் சொன்னால் எல்.எல்.ஆர்.

முதுகலை வகுப்பில் மூளையைக் கசக்கும் நமக்கு இது ஒரு மலையா? இல்லை. இரண்டு மாலைப் பொழுதுகள் ஒதுக்கினால் போதும். அப்படியிருந்தும் நம் விடுதியிலிருந்து இவ்வாண்டு சென்றவர்களுள், நான் அறிய நால்வர் வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் விடையில் தவறினார். மூவர் மணியில் தவறினார்கள். குறித்த நேரத்துக்குப் பின் சென்றமையால் அவர்களை உள்ளே விடவில்லை. அம்மூவருள் இளையவரான தம்பி ஒருவர் என் அறைக்கு வந்து பொருமினார்:

“அண்ணே, ஐஞ்சே ஐஞ்சு நிமிஷம். அதுக்குக் கதவைச் சாத்திட்டாங்க. இது நியாயமா?”

“உன் நேரத்துக்கு அடுத்த நேரம் யாருக்கு?” என்று கேட்டேன்.

“யாரோ ஒருத்தருக்கு.”

“அந்த யாரோ ஒருவரிடம் கேட்டாயா, நியாயமா என்று?”

அவர் சிரித்துவிட்டார். ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதன்று. நாம் இணையத்தில் நாளும் நேரமும் குறித்துக்கொள்ளும்போது, ஒரு நாற்காலியையும் ஒரு கணினியையும் சில நிமிடங்களுக்கு நமக்கென்று ஒதுக்கிக்கொள்கிறோம். நமக்கு முன்னால் அது வேறொருவருடையது; பின்னால் இன்னொருவருடையது. நாம் பிந்திச் சென்று ‘என்னை விடுங்கள்’ என்று கேட்பது, அதிகாரியின் இரக்கத்தைக் கேட்பதுபோலத் தோன்றும். உண்மையில் நாம் கேட்பது அடுத்தவரின் நேரத்தை. அதிகாரி கொடுப்பதும் தம் பொருளையன்று, அடுத்தவரின் பொருளை.

நாற்சந்தியில் நிற்கும் சிக்னல் விளக்கைப் பாருங்கள். அது என்ன செய்கிறது? ஒரே இடத்தை நான்கு சாலைகளுக்கு நேரத்தால் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒரு சாலைக்குப் பச்சை என்றால் மற்றதற்குச் சிவப்பு. தன் பச்சை முடிந்தபின்னும் ‘ஒரு நொடிதானே’ என்று நுழைகிறவன் மற்றவனுடைய பச்சையில் நுழைகிறான். தேர்வுக்குக் குறித்த நேரமும் அத்தகைய ஒரு பச்சை விளக்கே. அது அணைந்தபின் உள்ளே நுழையத் துடிப்பவன், சாலைக்கு வருமுன்னரே சிவப்பைத் தாண்டப் பழகுகிறான். பிந்திவிட்டோம் என்று உணர்ந்து, வாதாடாமல் திரும்பி, வேறு நாள் குறித்துக்கொள்பவனோ சிவப்பில் நிற்கக் கற்றுக்கொண்டவன். இவ்விருவருள் யார் கையில் வண்டியைக் கொடுக்கலாம்?

ஒரு நேரத்தைப் பலரும் ஒப்புக்கொண்டால்தான் பயணம் என்பதே நடக்கும். 1906-ஆம் ஆண்டு சனவரி 1-இல் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் ஊருக்கு ஒரு நேரம் வழங்கிய இந்நாட்டில், இரயில்கள் சென்னை நேரத்தைப் பொது நேரமாகக் கொண்டு ஓடின. 1792-இல் கட்டப்பெற்ற சென்னை வானாய்வுக்கூடத்தின் கடிகாரமே அதற்கு அடிப்படை. இரயில் தண்டவாளத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை பொதுவான ஒரு மணிக்கும் இருந்தது. ஒற்றைப் பாதையில் எதிரெதிராக வரும் இரு வண்டிகள் தத்தம் விருப்பப்படி நேரத்தை வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை. சாலையிலும் அதுவே. ஆனால் சாலையில் தண்டவாளமும் இல்லை. நிலைய அதிகாரியும் இல்லை. ஓட்டுபவன் மனத்தில் இருக்கும் ஒழுங்கு ஒன்றே காவல்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நாம் ஐதராபாத்துக்கு வந்த புதிதில் பேருந்தின் பெயர்ப்பலகையில் நம் கண்ணுக்குப் புலப்பட்டது எண் மட்டுமே, மற்றவை தெலுங்கு. கடைப்பலகை புரியவில்லை, நடத்துநரின் பேச்சுப் புரியவில்லை. ஆனால் சாலைக் குறிகள் அன்றே புரிந்தன. சிவப்பு வட்டம் தடுக்கும். சிவப்பு விளிம்பிட்ட முக்கோணம் எச்சரிக்கும். நீலச் சதுரம் தகவல் கூறும். சென்னையிலும் அதுதான், இங்கேயும் அதுதான். மொழிபெயர்ப்பு வேண்டாத மொழி அது. கடிகாரத்தின் முகமும் அத்தகையதே. இந்நகரத்து மக்களோடு முதல் நாளிலிருந்தே நாம் பேசக்கூடிய மொழிகள் இவ்விரண்டுந்தாம். இவற்றுள் ஒன்றில் தேர்வு எழுதச் செல்லும் நாம், மற்றதில் எழுத்தறிவு இல்லாதவராகச் செல்லலாமா?

இனி, வேதனையான ஒன்றைச் சொல்லவேண்டும். தேர்வுக்குப் பிந்திப் புறப்படும் நம் நண்பர்கள் எப்படிப் போகிறார்கள்? பேருந்தைத் தவறவிட்டவர் நண்பரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்குகிறார். பின்னால் துணைக்கு ஒருவரை ஏற்றிக்கொள்கிறார். தலைக்கவசம் இருப்பது ஒன்று, தலைகள் இரண்டு. கச்சிபவுலிச் சாலையின் காலை நெரிசலில் சந்துசந்தாக நுழைந்து, வண்டி ஓட்ட உரிமம் கேட்கும் தேர்வுக்கு, உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார்! உள்ளே திரையில் ‘உரிமம் இன்றி ஓட்டலாமா?’ என்று வினா வந்தால், ‘கூடாது’ என்ற விடையைத் தொட்டு மதிப்பெண்ணும் வாங்குகிறார். அறிவுக்கும் நடத்தைக்கும் இடையே இவ்வளவு தொலைவு இருக்கலாமா?

சட்டம் இதை விளையாட்டாகக் கருதவில்லை. உரிமம் இன்றி ஓட்டினால் 181-ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய் தண்டமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 2019-இல் செய்த திருத்தத்துக்குமுன் இத்தண்டம் 500 ரூபாயாக இருந்தது. வண்டியை இரவல் கொடுத்த நண்பரும் தப்புவதில்லை. 180-ஆம் பிரிவு அவருக்கென்றே இருக்கிறது. விபத்து நேர்ந்தால், ஓட்டியவரிடம் உரிமம் இல்லை என்பதைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் எதிர்வாதம் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே, நட்புக்காகச் சாவியை நீட்டுகிறவர் அதனோடு எதையெல்லாம் நீட்டுகிறார் என்பதை எண்ணிப்பார்க்கவேண்டும்.

அவசரத்தின் விலையை அறிவியல் மாணவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன். போகவேண்டிய தொலைவு 10 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் தடையின்றிப் போனால் 15 நிமிடம் ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 10 நிமிடம். மிச்சம் 5 நிமிடம். இதற்கு என்ன கொடுத்தோம்? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளரும். வேகம் ஒன்றரை மடங்கானால் ஆற்றல் 2.25 மடங்காகும். மோதினால் உடம்பின்மேல் இறங்குவது அந்த ஆற்றலே.

நிறுத்தும் தொலைவையும் பாருங்கள். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருகிறது. கண் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த சாலையில், பிடித்தபின் ஒவ்வொரு நொடியிலும் வேகம் நொடிக்கு 7 மீட்டர் வீதம் குறைவதாகவும் கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவர் அந்த ஒரு நொடியில் 11 மீட்டரும், பிரேக் பிடித்தபின் 9 மீட்டரும் சென்று, ஏறத்தாழ 20 மீட்டரில் நின்றுவிடுவார். 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவருக்கோ 36 மீட்டருக்கு மேல் வேண்டும். முதலாமவர் நின்றுவிட்ட அதே 20-ஆவது மீட்டரில், இரண்டாமவர் இன்னும் ஏறக்குறைய 55 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். குழந்தை 20 மீட்டர் தொலைவில் இருந்தால்? ஒருவர் திட்டிவிட்டுப் போவார். மற்றவர் வாழ்நாள் முழுதும் அதைச் சுமப்பார். அந்த 5 நிமிடத்தை விடுதியிலேயே, முன்னதாகப் புறப்பட்டுச் சேமித்திருந்தால் ஒரு காசும் செலவில்லை.

இது வெறும் கரும்பலகைக் கணக்கன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துக்கள் நேர்ந்தன. 1,68,491 பேர் மாண்டனர். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 462 பேர். மாண்டவர்களுள் மூவரில் இருவர் 18 முதல் 45 வரை வயதுடையோர். இறப்புக்களில் 71.2 விழுக்காட்டுக்கு மிகை வேகமே காரணமாகக் குறிக்கப்பட்டது. ‘மிகை வேகம்’ என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். அவ்வேகத்தில் எத்தனை எத்தனை வேகம் ‘நேரமாகிவிட்டதே’ என்ற பதைப்பில் பிறந்ததோ! அதை எந்த அறிக்கையும் எண்ணுவதில்லை.

“நமக்கு உபதேசம் செய்கிறீரே, அந்த அலுவலகங்கள் நேரத்துக்கு நடக்கின்றனவா?” என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். நான் தேர்வுக்குச் சென்ற நாளில் எனக்குக் குறித்த நேரம் காலை 10.30. நான் 10 மணிக்கே வாசலில் இருந்தேன். தேர்வு அறை திறந்தபோது மணி 11.50. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு ஆய்வுக்கூடத்தில் ஒரு முற்பகல் போயிற்று. எனக்குப் பக்கத்தில் நின்ற தொழிலாளிக்கோ அன்றைய கூலி போயிற்று. மாணவன் 5 நிமிடம் பிந்தினால் கதவு மூடப்படும். கதவைத் திறக்கவேண்டியவர் 80 நிமிடம் பிந்தினால் மாணவன் காத்திருக்கவேண்டும் என்பது நேர்மையான ஒழுங்கு ஆகாது. கடிகாரம் இருபக்கமும் கட்டவேண்டும். தாமதமானால் காரணத்தைப் பலகையில் எழுதிவைக்கவேண்டும். அலுவலகத்தின் குறையால் தேர்வு நடவாமற்போனால், மறுகட்டணம் இன்றி அடுத்த நாளையே கொடுக்கவேண்டும். இதை நாம் எழுத்தில் கேட்கவேண்டும்; கூசவேண்டியதில்லை.

ஆனால் இவ்வாறு கேட்கும் தகுதி யாருக்கு உண்டு? 10 மணிக்கு வந்து நின்றவனுக்கு உண்டு. 10.35-க்கு வந்து வாசலில் கெஞ்சியவனுக்கு இல்லை. பிறர் குற்றம் நமக்கு உரிமமாகாது.

கெஞ்சியும் பலிக்காதபோதுதான் மரத்தடியில் இருந்து தரகர் எழுந்து வருகிறார். ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார். மத்திய விதிகளின்படி பழகுநர் உரிமத்துக்கு வகை ஒன்றுக்கு 150 ரூபாய். தேர்வுக்கு 50 ரூபாய். மாநிலக் கட்டணம் சிறிது சேரலாம். தரகர் கேட்பதோ இதைப்போல் பல மடங்கு. அவர் நமக்கு விற்பது என்ன? நாம் தவறவிட்ட அதே நேரத்தைத்தான், இன்னொருவர் வரிசையிலிருந்து எடுத்து நமக்கு விற்கிறார். அதைவிடக் கேடு, தேர்வையே எழுதாமல் தேறச்செய்யும் வழியும் அவர் கையில் இருப்பதாகச் சொல்வது. அவ்வழியில் வாங்கிய தாள் போலீசுக்காரரை நிறுத்தும். எதிரே வரும் லாரியை நிறுத்துமா?

“இப்போது வீட்டிலிருந்தபடியே எழுதலாமே” என்பார் சிலர். உண்மை. 2021 மார்ச்சில் மத்திய அமைச்சகம் ஆதார் வழியாக இணையத்திலேயே பெறத்தக்க 18 சேவைகளை அறிவித்தது. பழகுநர் உரிமமும் அவற்றுள் ஒன்று. வசதி நல்லதே. ஆனால் ஊர் முகவரியை மாற்றாமல் வைத்திருக்கும் நம்மவருக்கு அலுவலக வாசல் இன்னும் தப்பவில்லை. முதல் தேர்வு வீட்டில் நடந்தாலும், வண்டியோட்டிக் காட்டும் அடுத்த தேர்வுக்கு நேரில் போய்த்தான் ஆகவேண்டும். அங்கேயும் ஒரு நாள், ஒரு மணி உண்டு.

இந்த நாட்கணக்கையும் மனத்தில் கொள்ளுங்கள். பழகுநர் உரிமம் பெற்று 30 நாட்கள் ஆனபின்பே ஓட்டும் தேர்வுக்குச் செல்லலாம். அவ்வுரிமம் 6 மாதங்களுக்குத்தான் செல்லும். நம் முதுகலைப் படிப்போ இரண்டே ஆண்டு. அதற்குள் பருவத் தேர்வுகள், ஆய்வறிக்கை, ஊர்ப்பயணம் எல்லாம் உண்டு. ஒரு முற்பகலைத் தவறவிட்டவருக்கு அடுத்த நாள் கிடைப்பதற்குள் பருவத் தேர்வு வந்துவிடுகிறது; பிறகு விடுமுறை; பிறகு சோம்பல். இடையில் வண்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது, உரிமம் இல்லாமல். ஐந்து நிமிடத் தாமதம் இவ்வாறு ஓராண்டுக் குற்றமாக வளர்கிறது.

ஆதலால் போகவிருக்கும் தம்பி தங்கையருக்குச் சில சொற்கள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வாழும் மாநிலத்தின் எந்த உரிம அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் கூறுகிறது. உங்களுக்குப் போய்ச்சேர எளிதானதைக் கேட்டறியுங்கள். விடுதியில் இருப்போருக்கு முகவரிச் சான்றே முதல் முட்டுக்கட்டை. எந்தச் சான்றை ஏற்பார்கள் என்பதை ஒரு வாரம் முன்னரே கேட்டு, மூலமும் நகலும் ஓர் உறையில் போட்டுவையுங்கள். ‘சாரதி’ என்ற மத்திய இணையவாயிலில் பயிற்சி வினாக்கள் உள்ளன, அவற்றைப் பாருங்கள். நாம் அறிந்த சொல்லைத்தான் அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். முதல்நாள் ஒருமுறை அந்த அலுவலகம்வரை பேருந்தில் போய் வாருங்கள். வழியில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதற்குமேல் அரைமணி சேர்த்துப் புறப்படுங்கள். மழை நாளாயின் ஒரு மணி சேர்த்துக்கொள்ளுங்கள். இந்நகரத்துச் சாலைகளை மழை என்ன செய்யும் என்பதை நீங்கள் அறிவீர்கள். பேருந்திலே போங்கள், இரவல் வண்டி வேண்டாம். முன்னதாகச் சென்று சேர்ந்தால் குறிகளை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். பதைபதைத்து அமர்பவன் அறிந்த விடையையும் மறப்பான்.

திருக்குறளின் அதிகார வரிசையில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்றும் 48, 49, 50 என அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனுக்குச் சொன்னவை. ஆனால் கைப்பிடியைப் பற்றும் ஒவ்வொருவனும் அந்தச் சிறு இருக்கையில் ஓர் அரசனே. எதிர்வரும் உயிர்கள் அவன் கையில் இருக்கின்றன. தன் வண்டியின் வலியையும், எதிரே வருவதன் வலியையும் அறியவேண்டும். தான் நிற்கும் இடத்தை அறியவேண்டும். இரண்டுக்கும் நடுவே காலத்தை அறியவேண்டும். முதலிரண்டையும் சோதிக்கக் கணினியில் வினாக்கள் உண்டு. காலமறிதலுக்கு வினா இல்லை. வாசலில் இருக்கும் கடிகாரந்தான் அதற்குத் தேர்வாளர்.

மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் புதியவர்கள் வருகிறார்கள்; ஒவ்வொருவரும் தனித்தனியே தடுமாறுகிறார்கள். ஒரு மாலை அவர்களை அழைத்து, விண்ணப்பம் நிரப்பவும் சாலைக்குறி பயிலவும் உதவுவோம். ஒரே நாளில் தேர்வுக்குப் போகிறவர்களைச் சேர்த்து ஒரே பேருந்தில் அனுப்புவோம். விடுதி வாயிலில் காலை 8 மணி என்று அறிவித்தால் 8 மணிக்கே புறப்படவேண்டும். எவருக்காகவும் நிற்கவேண்டாம்.